ஆசிரியருக்கு உதவும் கருவி எது?

கரோனா பெருந்தொற்றுக் காலத்தில் அவசரமாகக் கைப்பேசிக்குள் குடிபுகுந்த கற்பித்தல் பணி, பள்ளிகள் திறந்த பிறகும் அங்கிருந்து முழுமையாக வெளியேறவில்லை. வருகைப் பதிவு, பயிற்சி வகுப்பு, வினாத்தாள், சுற்றறிக்கை எனப் பலவும் இன்று ஆசிரியரின் சொந்தக் கைப்பேசி வழியாகவே வருகின்றன. எனவே, இணையக் கருவிகள் ஆசிரியருக்குத் தேவையா என்ற விவாதம் காலங்கடந்தது. எந்தக் கருவி வகுப்பறைக்கு உதவுகிறது, எது ஆசிரியரின் நேரத்தை மட்டும் விழுங்குகிறது என்பதே இப்போது கேட்க வேண்டிய கேள்வி.

கணிதம் கற்பிப்பவன் என்ற முறையில் நான் முதலில் சுட்டிக்காட்ட விரும்புவது ஜியோஜீப்ரா என்னும் மென்பொருளை. அரைவட்டத்தில் அமையும் கோணம் 90 பாகை என்பதைக் கரும்பலகையில் ஓரிரு படங்களால்தான் காட்ட இயலும். இம்மென்பொருளிலோ பரிதியின் மீதுள்ள புள்ளியை மாணவரே நகர்த்திப் பார்க்கலாம். எங்கே நகர்த்தினாலும் கோணம் மாறாததைக் கண்ட பிறகு, ஏன் மாறவில்லை என்ற கேள்வி அவரிடமிருந்தே எழுகிறது. தேற்றத்தின் நிரூபணத்துக்கு அதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை.

அறிவியல் ஆசிரியர்களுக்கு அத்தகைய துணை, அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய 'ஃபெட்' பாவனைச் சோதனைகள். இவற்றுள் பல தமிழிலும் கிடைக்கின்றன. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் படங்களுடன் கூடிய தமிழ்ச் சிறுவர் கதைகள் இருக்கின்றன.

இம்மூன்றுக்கும் பொதுவான பண்புகள் உண்டு. கட்டணம் இல்லை. ஒருமுறை பதிவிறக்கிவிட்டால் இணையம் எட்டாத வகுப்பறையிலும் பயன்படும். முக்கியமாக, வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவரின் பெயரையோ கைப்பேசி எண்ணையோ அவை கேட்பதில்லை. புதிய செயலி எதுவாயினும் அதை அளந்து பார்க்க இதுவே ஏற்ற அளவுகோல் என்பது என் கருத்து. கல்வித் தொழில்நுட்பப் பொருள்கள் சராசரியாக 36 மாதங்களுக்கு ஒருமுறை மாறிவிடுகின்றன என்று யுனெஸ்கோவின் 2023-ஆம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை கூறுகிறது. விளம்பரத்தை நம்பி ஒவ்வொன்றின் பின்னாலும் ஓடினால், பாடம் நடத்துவதைவிடச் செயலி கற்பதே பெரும்பணியாகிவிடும்.

சமூக ஊடகங்களின் கதை சற்றுச் சிக்கலானது. ஒரு பாடத்துக்கு ஒரே ஆசிரியர் உள்ள சிற்றூர்ப் பள்ளிகளில், ஐயம் கேட்பதற்கு அருகில் எவருமில்லை. அந்தத் தனிமையைப் பாட ஆசிரியர்களின் வாட்ஸ்ஆப் குழுக்கள் போக்கியிருக்கின்றன. ஆயினும், அங்கே பகிரப்படும் அருமையான பயிற்சித் தாள்கள் காலை வணக்கப் படங்களுக்கிடையே புதைந்து, கைப்பேசியின் நினைவகம் நிரம்பியதும் அழிக்கப்படுகின்றன. அடுத்த ஆண்டு அதே தாளை வேறொருவர் முதலிலிருந்து தயாரிக்கிறார். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழ் இலக்கியங்களை எவரும் பதிவிறக்கும் வகையில் இணையத்தில் நிலைநிறுத்தியது. ஆசிரியர்கள் உருவாக்கும் பாடப்பொருள்களுக்கும் அதுபோன்ற திறந்த உரிமத்துடன் கூடிய பொதுச் சேமிப்பகம் வேண்டும். உருவாக்கியவரின் பெயர் அதில் இடம்பெற வேண்டும்.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. பள்ளி நிகழ்ச்சிகளின் காணொலிகளில் குழந்தைகளின் முகமும் பெயரும் வகுப்பும் தயக்கமின்றிப் பொதுவெளியில் பதிவேற்றப்படுகின்றன. தவறாக வாசிக்கும் ஒரு சிறுவனின் மழலை, பார்ப்பவருக்கு வேடிக்கை. பத்தாண்டுக்குப் பிறகும் அவனைத் துரத்தக்கூடியது. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறைவடையாதோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, தன்னை நம்பி அனுப்பப்பட்ட குழந்தையைக் காட்சிப்பொருளாக்காதிருப்பது ஆசிரியத்தின் அடிப்படை அறம். மாணவரின் முகத்தைக் காட்டாமலே அவர் வரைந்த படத்தையும் செய்த மாதிரியையும் பகிர முடியும்.

அரசின் பொறுப்பும் குறைவன்று. கொள்கை வகுப்போர் பரிந்துரைக்கும் செயலிகள் எல்லாம் பாதுகாப்பானவை அல்ல. 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த இணையவழிக் கல்விச் சேவைகளை 2022-இல் ஆராய்ந்த மனித உரிமைகள் கண்காணிப்பகம், அவற்றில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது குழந்தைகளின் தனியுரிமைக்கு ஊறு விளைவிக்கும் வகையில் தரவைக் கையாண்டதாகத் தெரிவித்தது. ஆகவே, ஒரு செயலியைக் கட்டாயமாக்கும் முன் அது எந்தத் தரவைத் திரட்டுகிறது, எங்கே சேமிக்கிறது என்பதை ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் தமிழில் விளக்க வேண்டும். ஒரே விவரத்தை இரு வெவ்வேறு செயலிகளில் பதியச் சொல்லும் வழக்கம் ஒழிய வேண்டும். இரவு பத்து மணிக்குக் குழுவில் வரும் அறிவுறுத்தலுக்கு மறுநாள் பள்ளி தொடங்கிய பின் பதிலளித்தால் போதும் என்பது விதியாக வேண்டும்.

2018-19 கல்வியாண்டு முதல் தமிழகப் புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டன. ஆனால், அக்குறியீட்டுக்கு அப்பால் உள்ள பாடத்தை முன்கூட்டியே பார்த்து, தன் வகுப்புக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்க ஆசிரியருக்கு அமைதியான ஒரு மணி நேரம் தேவை. கருவிகளை வழங்குவோர் அந்த ஒரு மணி நேரத்தையும் சேர்த்து வழங்கட்டும்.