பார்க்காமலே சொல்லும் முடிவு

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் திட்டத்தைத் தமிழக அரசு 2007-இல் முன்னோடியாகத் தொடங்கிய இரண்டு மாவட்டங்களில் ஒன்று தஞ்சாவூர், மற்றது தேனி. பிறகு மாநிலம் முழுக்க விரிந்தது. ஆனாலும் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுத் தமிழ்நாட்டுப் பெண்களில் ஒரு முறையேனும் சோதித்துக்கொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. இந்திய அளவில் அது இரண்டு பேருக்கும் குறைவு என்று ஆறுதல் தேடுவது வெட்கக்கேடு.

கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், கெடத் தொடங்கிய திசு வெளுத்துத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியரே பார்க்கலாம். திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஆய்வில், ஒரே ஒரு சுற்றுச் சோதனை இந்நோய்ச் சாவுகளை 35 சதவீதம் குறைத்தது. அப்படிக் கெடத் தொடங்கிய திசு புற்றாக முற்றப் பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேலாகும். அவ்வளவு அவகாசம் தரும் நோய்க்கு ஒருத்தியைப் பறிகொடுத்தால் பழி நம்முடையது.

தஞ்சாவூர் இருக்கும் காவிரி டெல்டாவில் நடவும் களையெடுப்பும் பெண்கள் வேலை. வெள்ளைப்படுதல், அடியிறக்கம், உறவுக்குப் பின் கசியும் உதிரம் எல்லாவற்றையும் 'உடம்புச் சூடு' என்று அடக்கிக்கொண்டு சேற்றில் இறங்குகிறார்கள். மாடு சினை பிடிக்காவிட்டால் அன்றே மருத்துவரைத் தேடும் வீட்டு ஆண்கள் இதைக் கேட்பதுகூட இல்லை. இவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று அதிகாரிகள் சொல்வதை ஏற்க முடியாது. ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறிப் போய், பரிசோதிக்கப்படாமலே மாத்திரையோடு திரும்பியவள் மறுபடி ஏன் போவாள்?

பரிசோதிக்காமல் முடிவுகட்டுவது இங்கு மட்டுமல்ல. சகாராவுக்குத் தெற்கே, நன்னீர் நத்தைவழிப் பரவும் புழுவின் முட்டைகள் பெண்களின் பிறப்புறுப்பில் தங்கிப் புண்ணாக்குகின்றன. ஆற்றில் துவைத்ததற்கும் வயலில் நின்றதற்கும் கிடைத்த நோய் அது. மருத்துவமனையிலோ பால்வினை நோய் என்று பல நேரம் தவறாக முடிவுகட்டுகிறார்கள்; நோயோடு அவச்சொல்லும் சேர்கிறது. காவிரிக் கரையில் அந்த நோய் இல்லை. பார்க்காமலே முடிவு சொல்லும் வழக்கம் இருக்கிறது.

2021 முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை தருகிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸைக் கண்டறிய, பெண் தானே மாதிரி எடுத்துக்கொள்ளும் சோதனையை உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருக்கிறது. அதையும் அத்திட்டத்தின் ஊழியர்களிடமே கொடுத்தனுப்பலாம். சம்பா நடவு முடிந்த வாரங்களில் தொடங்கட்டும். குறி தெரிந்தவளுக்குச் சிகிச்சை நாளின் கூலியை அரசு தரவேண்டும். திருவையாறு, ஒரத்தநாடு, பேராவூரணி என வட்டாரவாரியாக எத்தனை பேரைச் சோதித்தார்கள், குறி தெரிந்தவர்களில் எத்தனை பேருக்குச் சிகிச்சை முடிந்தது என்ற இரண்டு கணக்கையும் தஞ்சாவூர் மாவட்ட நிர்வாகம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.