ஜமக்காளம் விரியுங்கள்!

ஒரு கல்லூரியில் அக்டோபர் 10-ஆம் தேதி உலக மனநல நாள் கொண்டாடினார்கள். என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினோம், பொன்னாடை போர்த்தினார்கள், பிள்ளைகள் கை தட்டினார்கள். விழா முடிந்ததும் பிரின்ஸிபால் என்னை அழைத்துப் போய், புதிதாகத் திறந்த ஆலோசனை அறையைக் காட்டினார். மேஜை, நாற்காலி, பெயர்ப் பலகை எல்லாம் பளபளவென்று இருந்தன.

“இதுவரை எத்தனை பேர் வந்தார்கள்?” என்று கேட்டேன்.

“நம் பையன்களுக்கு அப்படியொன்றும் குறை இல்லை, ஸார்!” என்று சிரித்தார் அவர்.

குறை இல்லையாம்! 2022-இல் மட்டும் இந்தியாவில் 13,000-க்கு மேற்பட்ட மாணவர்கள் தங்களை மாய்த்துக்கொண்டார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றிலும் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. நியாயமான உத்தரவுதான். அதை நம்மவர்கள் நிறைவேற்றும் அழகைத்தான் சகிக்க முடியவில்லை: ஓர் அறை, ஒரு பலகை, ஒரு கையெழுத்து.

அந்த அறை பிரின்ஸிபால் அறைக்கு நேர் எதிரே இருக்கிறது. உள்ளே நுழைகிற பையனை நாலு பேர் பார்ப்பார்கள்; மறுநாளே அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். கிராமத்துப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு வந்த பெண், இங்கிலீஷில் கேள்வி கேட்டால் தன் துக்கத்தை எப்படிச் சொல்லுவாள்?

1953-இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், வாழ்க்கையை வெறுத்தவர்கள் தம்மிடம் வந்து பேசலாம் என்று அறிவித்தார். பலர் வந்தார்கள். காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து, கூட உட்கார்ந்திருக்கச் சில தொண்டர்கள் சேர்ந்தார்கள். அவர்களிடம் பேசியதிலேயே பலருக்கு மனம் ஆறிவிட்டது. பாதிரியாரைப் பார்க்காமலே திரும்பிப் போனார்கள். அவர் பொறாமைப்படவில்லை. 1954-இல் அந்த வேலையையே தொண்டர்களிடம் ஒப்படைத்தார். ‘சமாரிட்டன்ஸ்’ இயக்கம் அப்படித்தான் வளர்ந்தது. மாணவர் பேச, மாணவரே இரவில் விழித்திருந்து கேட்கும் ‘நைட்லைன்’, 1970-இல் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது.

நான் கேட்பதும் அதுதான். விடுதிதோறும் பத்துப் பத்துப் பேராக வாரம் ஒருமுறை கூடி உட்காரட்டும். வருகைப் பதிவேடு வேண்டாம், போட்டோ வேண்டாம், அங்கே பேசியது ஊர்வம்பு ஆகக் கூடாது. குறுக்கே பேசாமல் கேட்கப் பழகிய மூத்த மாணவர் ஒருவர் உடன் இருக்கட்டும். எது தம் சக்திக்கு மீறியது, யாரை உடனே டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும் என்று அவருக்கு ஆலோசகர் கற்றுக்கொடுக்கட்டும்.

“எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது? நாங்கள் வளரவில்லையா?” என்று மார் தட்டும் பெரியவர்களே, வளராமல் போனவர்களை எப்போதாவது எண்ணிப் பார்த்தீர்களா? நானும் பரீட்சையில் தோற்று, ஓர் இரவு விடுதி மொட்டை மாடியில் தனியே உட்கார்ந்திருந்தவன்தான். அறை நண்பர்கள் மூன்று பேர் தேடி வந்தார்கள். ஒருவனும் புத்தி சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விடிய விடியச் சீட்டு ஆடினார்கள். என்னையும் ஆட வைத்தார்கள். நான் படிப்பை முடிக்கவில்லை. ஆனால் இதை எழுத உயிரோடு இருக்கிறேன்.

எனக்கு அப்படி மூன்று பேர் வாய்த்தது அதிர்ஷ்டம். அடுத்த பையனையும் அதிர்ஷ்டத்தின் கையிலேயே விட்டுவிடுவதா?

பிரின்ஸிபால் ஐயா, அந்த மேஜையை வெளியே போடுங்கள். ஒரு ஜமக்காளம் விரியுங்கள். பிறகு தயவுசெய்து நீங்கள் கொஞ்சம் விலகி நில்லுங்கள், பிள்ளைகள் பேசுவார்கள்.