ஆழ்கடலில் அடைபட்டோரும் அரியணையில் அமர்ந்தோரும்

செஞ்சிக் கோட்டையை முகலாயர் படை முற்றுகையிட்டது 1690இல். கோட்டை வீழ்ந்தது 1698இல். ஆனால், உள்ளே இருந்த மராட்டிய மன்னன் இராசாராம் அதற்கு முன்பே தப்பி வெளியேறிவிட்டான். கோட்டை போயிற்று, கோமகன் பிழைத்தான்! மன்னனுக்கு வழி இருந்தது அன்று. கடலடிக் கோட்டையிலே காவல் புரியும் வீரனுக்கு வழி இருக்கிறதா இன்று? அதுதான் கேள்வி.

"கடலோசை கேளாத தளவானூரிலே, ஏர் உழும் மக்களிடம், நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றிய பேச்சு எதற்கு?" என்று கேலி பேசுவோர் உண்டு. பேசத்தான் வேண்டும்! தளவானூர் உழவன் வாங்கும் தீப்பெட்டியிலும் வரி இருக்கிறது. அந்த வரியிலேதான் கப்பல் வாங்கப்படுகிறது. ஆழ்கடலில் மறைந்திருக்கும் கப்பலுக்குச் செய்தி அனுப்பும் நிலையமோ, நெல்லைச் சீமையின் விசயநாராயணத்தில், வீரன் கட்டபொம்மன் பெயர் தாங்கி, 1990 முதல் நிற்கிறது. பணம் நம்முடையது, மண் நம்முடையது, மாளும் பிள்ளைகளும் நம்மைப் போன்றோர் பெற்ற பிள்ளைகளே!

கடலடியிலே சிக்கியவன் நிலை என்ன? ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 100 மீட்டர் ஆழத்தில், சதுர சென்டிமீட்டர் ஒன்றின் மீது ஏறத்தாழ 10 கிலோ பாரம் கூடுதலாக அழுத்தும். கதவைத் தள்ளித் திறக்க எந்தப் பயில்வானாலும் ஆகாது. சிறியதோர் அறையிலே புகுந்து, அதிலே கடல்நீரை நிரப்பி, உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் சமமான பிறகே மேல்மூடி திறக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே ஏறினால் நுரையீரல் கிழியும். அழுத்தத்திலே நெடுநேரம் இருந்துவிட்டு விரைந்து ஏறினால் இரத்தத்திலே குமிழிகள் தோன்றும். சரி, உள்ளேயே காத்திருக்கலாமா? தான் விடும் மூச்சே தனக்கு நஞ்சாகும். கரியமில வாயு மெல்ல மெல்லக் கொல்லும்!

அப்படியானால் மீள வழியே இல்லையா? உண்டு; ஆயத்தமாக இருப்போருக்கு உண்டு. 1939 மே மாதம், அமெரிக்காவின் ஸ்குவாலஸ் மூழ்கியது. 26 பேர் மாண்டனர். எஞ்சிய 33 பேரும் மணி வடிவ மீட்புக் கூண்டிலே மேலே கொண்டுவரப்பட்டனர். கூண்டு இருந்தது, உயிர் பிழைத்தது! ஒன்பதே நாட்களுக்குப் பிறகு பிரிட்டனின் தீட்டிஸ், லிவர்பூல் விரிகுடாவிலே மூழ்கியது. அதன் பின்பகுதி நீருக்கு மேலே தெரிந்தது. தெரிந்தும் என்ன? 103 பேரில் நால்வரே தப்பினர்.

2000 ஆகஸ்டு 12. ரஷ்யாவின் குர்ஸ்க் கப்பலில் 118 பேர். வெடிவிபத்துக்குப் பிறகும் 23 பேர் உயிரோடு ஒன்பதாம் அறையிலே கூடியிருந்தனர். பிரிட்டனும் நார்வேயும் உதவிக்கரம் நீட்டின. மாஸ்கோ அதை ஏற்க நான்கு நாட்கள் ஆயின. நார்வே மூழ்குநர்கள் மூடியைத் திறந்தபோது உள்ளே தண்ணீர்தான் இருந்தது. இரகசியத்தைக் காத்தார்கள், உயிர்களை இழந்தார்கள்!

இனி, நம் நாட்டுக்கு வருவோம். முதல் நீர்மூழ்கியான கல்வாரி, இந்தியக் கடற்படையிலே சேர்ந்த ஆண்டு 1967. ஆழ்கடல் மீட்பு ஊர்தி சேர்ந்த ஆண்டு 2018. இடையிலே 51 ஆண்டுகள்! 1971இல் கடற்படையிலே சேர்ந்த நிஸ்தார் என்னும் மீட்புக் கப்பலும் 1989இல் ஓய்வு பெற்றது. ஆழத்திலே சிக்கினால் அமெரிக்க ஊர்தி வரும் என்று ஒப்பந்தம் எழுதி வைத்துக்கொண்டார்கள். கடல் கடந்து அது வந்து சேரும்வரை, அடைபட்டவன் எந்தக் காற்றைச் சுவாசிப்பான்?

2013 ஆகஸ்டு 14. விடுதலை நாள் விழாவுக்கு முந்திய நாள். மும்பைத் துறைமுகத்திலே, கரையைத் தொட்டபடி நின்ற சிந்துரட்சக் வெடித்து மூழ்கியது. 18 பேர் மாண்டனர். அதே கப்பலில் 2010லேயே மின்கல விபத்து ஒருவரைப் பலிகொண்டிருந்தது. 2014 பிப்ரவரி 26இல், சிந்துரத்னாவுக்குள்ளே புகை; இரண்டு அதிகாரிகள் மாண்டனர். அன்றே கடற்படைத் தளபதி டி.கே. ஜோஷி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி? விலகல் கடிதம் ஏற்கப்பட்டது. அமைச்சரின் நாற்காலி அசையவில்லை!

சிந்துரட்சக் கரையோரத்திலே வெடித்தது. அங்கே மீட்பு ஊர்தி இருந்தாலும் பயனில்லை. உண்மை! ஆனால், அதுவே பெரிய குற்றச்சாட்டு. மீட்பு என்பது கடைசி வாயில். பராமரிப்பும் ஓய்வும் ஒழுங்குமே முதல் வாயில். 2017இல் வெளிவந்த தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை என்ன கூறிற்று? 2007-08 முதல் 2015-16 வரை கடற்படைக் கலங்களுக்கு 38 விபத்துகள். பாதுகாப்பைக் கவனிக்கவென்றே ஒரு நிறுவன அமைப்பு தொடக்கம் முதல் இருந்ததில்லை! இதைச் சொன்னது எதிர்க்கட்சி மேடையல்ல. அரசியல் சட்டம் அமைத்த அலுவலகம்.

"இராணுவ விஷயம், கேள்வி கேட்பது தேசத்துரோகம்" என்று வாய்ப்பூட்டுப் போடுவர். எந்த ஏவுகணை எங்கே இருக்கிறது என்றா கேட்கிறோம்? எந்த மின்கலம் ஏன் புகைந்தது என்றுதான் கேட்கிறோம். பகைவனுக்கு மறைக்க வேண்டியவை உண்டு. பெற்றவளிடம் மறைக்க வேண்டியவை அல்ல இவை.

2025 சூலையில், விசாகப்பட்டினத்திலே கட்டிய புதிய நிஸ்தார் மீட்புக் கப்பல் சேர்ந்தது. வரவேற்கிறோம், மனமார! ஆனால், கப்பல் வந்ததும் கணக்கு முடிந்ததென்று எவரும் கருத வேண்டாம். விசாரணை முடிவுகளிலே இரகசியம் நீங்கிய பகுதி நாடாளுமன்றத்தின் முன் வரட்டும். ஆயுள் முடிந்த மின்கலத்தோடு எந்தக் கப்பலும் துறையை விட்டு நீங்காதிருக்கட்டும். தப்பும் பயிற்சியும் மீட்புப் படையும் இரு கரைகளிலும் எந்நேரமும் ஆயத்தமாக இருக்கட்டும்.

தோழர்களே! ஊர்தோறும் இதைப் பேசுங்கள். வீரன் மாண்டபின் மலர்வளையம் வைக்க அமைச்சர்கள் உண்டு. அவன் வாழும்போதே வழி கேட்க, மக்களாகிய நாம்தான் உண்டு!