மக்கும்னு போட்டிருந்தா கீரைப்பாத்தியில கொட்டிடலாமா?

கொஞ்ச நாளா மாடித்தோட்ட வீடியோக்கள்ல ஒரு யோசனை சுத்திட்டு இருக்கு. பூனைக்கு மணலுக்குப் பதிலா மரத்தூள் பெல்லட் போடுங்க, அது நனைஞ்சு தூளானதும் உரக்குழியில தட்டுங்க, காசில்லாம உரம் ரெடின்னு. தேனியில இருந்து கூடலூர் வரைக்கும் இதையே கேக்குறாங்க. காய்கறிக்குப் போற உரத்துல இது வேண்டவே வேண்டாம். கோபமாத்தான் சொல்றேன்.

மரத்தூள் மேல எனக்குப் பகை இல்லை. சுத்தமான மரத்தூளை ஈரமான சமையலறைக் கழிவோட கலந்தா அருமையா மக்கும். பாக்கெட்ல "மக்கும்"னு போட்டிருக்கிறதும் பொய் இல்லை. ஆனா அது மரத்தைப் பத்தின வாக்கியம். பூனை அதுல இருந்துட்டுப் போனதைப் பத்தி அது எதுவும் சொல்லலை.

பிரச்சினை டாக்ஸோபிளாஸ்மாங்கிற ஒட்டுண்ணி. அதோட முட்டை மாதிரியான உறைகள் பூனைக் குடும்பத்தோட மலத்துல மட்டும்தான் வெளிய வரும். "மாட்டுச்சாணம் போடலாம், இது மட்டும் ஆகாதா?"ன்னு கேக்குறவங்களுக்கு இதுதான் பதில். (சாணத்தையும் நல்லா மக்க வெச்சுத்தான் போடணும், அது வேற கதை.) முதல் தடவை தொற்று வந்த பூனை, ஒண்ணு ரெண்டு வாரத்துல லட்சக்கணக்குல இதை வெளியேத்தும். பூனை பார்க்க ஆரோக்கியமாவே இருக்கும்.

"மலத்தை அள்ளிட்டேன் டாக்டர், மிச்சத் தூள் சுத்தம்தானே?" இல்லைங்க. ஒரு உறை மில்லிமீட்டர்ல நூறுல ஒரு பங்குதான். பெல்லட் தூளா உதிர்ந்து எல்லாத்தோடயும் கலந்த பிறகு, எதைப் பிரிப்பீங்க?

"நம்ம ஊரு வெயில்ல செத்துடாதா?" காய்ஞ்ச சூட்டுல சாகும். ஆனா உரக்குழியை நிழல்ல வெச்சு, தண்ணி தெளிச்சு, மூடி வெக்கிறது நாமதான். ஈர மண்ணுல அது ஒரு வருஷத்துக்கு மேலயும் தாங்கும். குவியல் முழுக்க 55–60 டிகிரி சூடு பல நாள் நின்னாத்தான் நம்பலாம். வீட்டு டிரம்ல நடுப்பகுதி சூடானாலும் ஓரம் குளிர்ந்தே கிடக்கும். பிளீச்சிங் பவுடரும் இதை ஒண்ணும் பண்ணாது.

பெரும்பாலானவங்களுக்கு லேசான காய்ச்சலோட போயிடும், பல பேருக்கு வந்ததே தெரியாது. கர்ப்பத்துல முதல் தடவையா வந்தாத்தான் பயம். கரு கலையலாம், குழந்தையோட மூளையும் விழித்திரையும் பாதிக்கப்படலாம். கோயம்புத்தூர்ல 2004–05ல 248 பேருக்குக் கண்ணுல இந்தத் தொற்று வந்துச்சு. குடிதண்ணி வழியா பரவியிருக்கலாம்னு சந்தேகப்பட்டாங்க. முல்லைப்பெரியாறு தண்ணியும் வாய்க்காலும் கிணறுமா வாழுற பள்ளத்தாக்குல, மழையில அடிச்சுட்டுப் போற மண்ணை நான் சாதாரணமா எடுத்துக்க மாட்டேன்.

உடனே பூனையை விரட்டச் சொல்றேன்னு கமெண்ட்ல வராதீங்க. பூனையைக் கொஞ்சுறதால இது வர்றது ரொம்ப அபூர்வம். சரியா வேகாத கறியில இருந்தும் வரும், தெருப்பூனை கிளறின மண்ணுல இருந்தும் வரும். தட்டைத் தினமும் சுத்தம் பண்ணுங்க. வெளிய வந்த உறை தொற்றுற நிலைக்கு வர ஒண்ணுல இருந்து அஞ்சு நாள் ஆகும், அந்த அவகாசத்தைப் பயன்படுத்திக்கோங்க. கர்ப்பிணி இருக்கிற வீட்ல அந்த வேலையை வீட்டுக்காரர் பார்க்கட்டும். அள்ளினதை ரெண்டு கவர்ல கட்டி, குப்பை எடுக்க வர்றவங்ககிட்ட என்னன்னு சொல்லியே குடுங்க. அவங்க கையும் கைதான்.

ஏற்கெனவே குழியில கொட்டிட்டவங்க அந்த உரத்தைச் செம்பருத்திக்கும் வேலியோர மரத்துக்கும் போடுங்க, அதுவும் ரெண்டு வருஷம் கிடந்த பிறகு, கையுறை போட்டு. கீரை, கேரட், தக்காளி பக்கமே கொண்டு போகாதீங்க. அந்தக் குழியைக் கிளறின கர்ப்பிணிகள் அடுத்த செக்கப்ல டாக்டர்கிட்ட வாய் திறந்து சொல்லுங்க. தேவைன்னா ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் குடுப்பாங்க.