பூட்டுப் பட்டறையில் ஒரு சிநேகம்

கோபக்காரப் பிள்ளைக்கும் முதியவருக்கும் சிநேகம் உண்டாவது கதைகளுக்கே உரியது, இளையவனுக்கு உபதேசம் கசக்கும், பெரியவருக்கு எதிர்த்த பேச்சுப் பொறாது என்று அன்பர் ஒருவர் எழுதியிருப்பதை நான் முற்றிலும் மறுக்கிறேன். உபதேசம் கசக்கும் என்பது மெய்யே. ஆனால் சிநேகத்துக்கு உபதேசந்தான் வழி என்று யார் விதித்தது? சேர்ந்து செய்யும் தொழிலும் ஒரு வழியே. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, உள்ளிருக்கும் லீவர்களைக் கையால் அராவி, சாவியோடு பொருந்தும்வரை மீண்டும் மீண்டும் சோதிக்கும் பொறுமையின் பலன். அப்பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்த பையனின் ஆத்திரத்தைப் பெரியவர் கண்டிக்க வேண்டியதில்லை, அவசரத்தில் மயிரிழை அதிகம் அராவினால் பூட்டே அவனுக்கு இணங்காது. தொழில் வல்லார் மூப்படைய, கற்க இளைஞர் வாராதிருக்கும் இந்நாளில், இருவரையும் பிரித்து வைப்பது அநீதி. திண்டுக்கல் பள்ளிகள் வாரம் ஒரு பிற்பகலையேனும் பட்டறைப் பெரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.