கேஸா, டீசலா? மச்சானுக்கு ஒரு பதில்

"மாமா, கேஸ் வாங்கலாமா, டீசல் வாங்கலாமா?"

டெக்சாஸ்ல இருக்கற மச்சான் போன வாரம் போன்ல இப்படி ஆரம்பிச்சான். எனக்கு சட்டுனு ஒண்ணும் புரியல. அடுப்பைப் பத்திக் கேக்கறான்னு நினைச்சு, "டீசல் அடுப்பெல்லாம் வருதாடா அங்க?"ன்னு கேட்டுட்டேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. விஷயம் என்னன்னா, ஐயா மோட்டார் ஹோம் வாங்கப் போறார். வண்டிக்குள்ளயே படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் இருக்கும். பொண்டாட்டி, ரெண்டு பசங்களை ஏத்திக்கிட்டு லீவுக்கு ஊர் சுத்தணுமாம். அமெரிக்காக்காரன் பெட்ரோலைத்தான் கேஸ்னு சொல்றான், கேசோலின்ங்கறதோட சுருக்கம். அதாவது அவன் கேட்டது பெட்ரோல் வண்டியா, டீசல் வண்டியான்னு.

நம்ம ஊர்ல அந்த மாதிரி வண்டிக்குப் பேரு கேரவன். அது ஷூட்டிங்ல ஹீரோயின் மேக்கப் போட்டுக்கற வண்டின்னுதான் நமக்குத் தெரியும் :-) கேரளாக்காரங்க 2021ல கேரவன் சுற்றுலான்னு ஒரு கொள்கையே கொண்டு வந்தாங்க. நமக்கெல்லாம் 12 சீட் வேன்தான் கேரவன். முன் சீட்ல பெரியப்பா, நடுவுல புளியோதரைத் தூக்கு, பின்னாடி வாந்தி எடுக்கற பசங்க, கையில பாலிதீன் கவர். திருச்செந்தூர், வேளாங்கண்ணி, திருப்பதின்னு வருஷத்துக்கு ரெண்டு மூணு ட்ரிப். அவ்ளோதான்.

ஆனா மச்சான் கேட்ட அதே கேள்வியை எங்க தெருவுல வண்டி வாங்கற ஒவ்வொருத்தரும் கேக்கறாங்க. அதுக்கு எல்லாரும் சொல்ற பதில்தான் எனக்கு எரிச்சலைக் கெளப்புது. "டீசல் போடுப்பா, மைலேஜ் வரும்." "கேஸ் போடுப்பா, இன்னும் மிச்சம்." இதுல ஒருத்தன்கூட அடுத்த கேள்வி கேக்கறதில்ல. வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டப் போற? வண்டில யாரை ஏத்தப் போற?

எங்க ஊர் அத்திப்பட்டு. சிட்டிசன் படத்துல காணாமப் போன அத்திப்பட்டி இல்லீங்க, இது கும்மிடிப்பூண்டி ரயில் நிக்கற அத்திப்பட்டு. டீசலுக்கும் கேஸுக்கும் நடுவுல வாழற ஊர். ஒரு பக்கம் எண்ணெய் கம்பெனிங்களோட டேங்குகள், கேஸ் டேங்கர் லாரிங்க. இன்னொரு பக்கம் காமராஜர் துறைமுகம். அங்க 2019 மார்ச்ல இந்தியன் ஆயிலோட எல்.என்.ஜி. முனையம் திறந்தாங்க, வருஷத்துக்கு 50 லட்சம் டன் இயற்கை எரிவாயுவைக் கையாளற அளவு. கொஞ்சம் தெற்கால எண்ணூர்ல அசோக் லேலண்ட். 1948ல அசோக் மோட்டார்ஸா ஆரம்பிச்சப்போ அவங்க கோத்தது ஆஸ்டின் கார், பெட்ரோல் வண்டி. லேலண்ட் கைகோத்தது 1955ல. அதுக்கப்புறம் லாரி, பஸ்னு ஆகி, இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு டீசல்னா தாய்ப்பால் மாதிரி ஆயிடுச்சு. டீசலைக் குறை சொன்னா பெத்த அம்மாவைக் குறை சொன்ன மாதிரி முறைப்பாங்க.

முறைக்கட்டும். கணக்கைப் போட்டுடலாம்.

டீசல்னா லாபம்ங்கறது ஒரு காலத்துல உண்மை. 2012ல சென்னையில பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல வித்தியாசம். அரசாங்கம் டீசல் விலையைப் பிடிச்சு வச்சிருந்துச்சு. 2014 அக்டோபர்ல அந்தக் கையை எடுத்துட்டாங்க. 2024 மார்ச்ல விலை குறைச்சதுக்கப்புறம் சென்னையில பெட்ரோல் 100.75, டீசல் 92.34. வித்தியாசம் எட்டு ரூபாய் சொச்சம். நம்மாளுங்க மனசுல மட்டும் இன்னும் 2012 ஓடிட்டிருக்கு.

ஏழு பேர் உட்கார்ற ஒரு வண்டியை எடுத்துக்குவோம். பெட்ரோல்ல லிட்டருக்கு 13 கிலோமீட்டர், டீசல்ல 17னு வச்சுக்குங்க. பெட்ரோல்ல கிலோமீட்டருக்கு 7.75 ரூபாய், டீசல்ல 5.43. மிச்சம் 2.32. வீட்டு வண்டி வருஷத்துக்கு 8,000 கிலோமீட்டர் ஓடுனா மிச்சம் ஆகறது 18,500 ரூபாய் சொச்சம். வாங்கும்போதே டீசல் வண்டிக்கு ஒண்ணேகால் லட்சம் கூடக் குடுத்திருந்தா, அந்தக் காசு திரும்பி வர ஆறரை வருஷத்துக்கு மேல ஆகும். லோன் வட்டி, இன்சூரன்ஸ், சர்வீஸ் இதெல்லாம் நான் சேக்கவே இல்ல.

இதே வண்டியை வாடகைக்கு ஓட்டறவர் வருஷத்துக்கு 50,000 கிலோமீட்டர் ஓட்டுவார். அவருக்கு ஒரு வருஷத்துலயே லட்சத்துக்கு மேல மிச்சம். அப்ப டீசல் யாரோட கணக்கு? ட்ராவல்ஸ் ஓட்டறவரோட கணக்கு. அவர் விடைத்தாளைப் பார்த்து நம்ம காப்பி அடிச்சிட்டோம். அவருக்கு வந்த கேள்வி வேற, நமக்கு வந்த கேள்வி வேற.

இன்னொண்ணும் இருக்கு. 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 வந்ததுக்கப்புறம் டீசல் வண்டில புகைக்கரியைப் பிடிக்க ஒரு ஃபில்டர் வருது. சேர்ற கரியை வண்டி தானே எரிச்சுக்கணும், அதுக்கு நல்ல சூடு வேணும், அதாவது ஹைவேல கொஞ்ச நேரம் ஒரே வேகத்துல ஓடணும். ஸ்கூலுக்கும் காய்கறிக் கடைக்கும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டிட்டு ஆஃப் பண்ணா ஃபில்டர் அடைச்சுக்கும். அப்புறம் ஒர்க்‌ஷாப்ல நின்னுக்கிட்டு, "டீசல் வண்டியே இப்படித்தான் சார்"னு புலம்ப வேண்டியதுதான்.

புகையைப் பத்தியும் சொல்லிடறேன். டீசல் புகை மனுஷனுக்குப் புற்றுநோய் வரவைக்கும்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2012லயே முதல் வரிசையில சேர்த்துடுச்சு. பெட்ரோல் புகை ஒண்ணும் சாம்பிராணி இல்ல, ஒத்துக்கறேன். புது டீசல் வண்டி பழசு மாதிரி கக்கறதில்ல, அதையும் ஒத்துக்கறேன். ஆனா அனல்மின் நிலையச் சாம்பலையும் கன்டெய்னர் லாரிப் புகையையும் காலங்காத்தால குடிக்கற ஊர்ல இருந்துக்கிட்டு, அஞ்சு ரூபாய் மிச்சத்துக்காகப் பழைய டீசல் வேன் ஒண்ணைத் தேடிப்பிடிச்சு வாங்கி, வாசல்ல நிறுத்தி உறும விட்டு, அதுக்குப் பின்னாடியே பிள்ளைங்களை விளையாட விடறோமே, இது எந்த ஊர் சாமர்த்தியம்?

சரி, அப்ப கேஸ்? இங்கதான் நான் ரொம்ப சூடாவேன்.

முதல்ல ஒண்ணு தெளிவாகணும். நம்ம ஊர் கேஸ்ல ரெண்டு ஜாதி. ஒண்ணு சி.என்.ஜி. காத்தைவிட லேசு, கசிஞ்சா மேல போயிடும். இன்னொண்ணு எல்.பி.ஜி., சமையல் கேஸ் வகையறா. காத்தைவிடக் கனம், கசிஞ்சா தரையில படுத்துக்கும். மூடின வேனுக்குள்ள சீட்டுக்கு அடியில, காலுக்குக் கீழ தேங்கி நிக்கும். ஒரு பொறி போதும்.

கம்பெனியே பொருத்திக் குடுக்கற சி.என்.ஜி. வண்டி மேல எனக்கு மரியாதை உண்டு. உச்ச நீதிமன்றம் 1998ல உத்தரவு போட்டு டெல்லி பஸ்ஸையெல்லாம் அதுக்கு மாத்த வச்சுது. ஊருக்குள்ள ஓட்ட நல்ல எரிபொருள். ஆனா குடும்பத்தோட தூரம் போறவங்களுக்குச் சிக்கல் இருக்கு. 60 லிட்டர் சிலிண்டர்ல ஒன்பது பத்து கிலோதான் பிடிக்கும், 200 கிலோமீட்டர் சொச்சம் ஓடும். திருச்செந்தூர் 600க்கு மேல. வழியில ரெண்டு மூணு தடவை கேஸ் பங்க்கைத் தேடி, க்யூவுல நின்னு, ஒவ்வொரு தடவையும் பாட்டி முதற்கொண்டு எல்லாரையும் கீழ இறக்கி நிறுத்தணும், அதுதான் விதி. டிக்கில பாதி இடம் சிலிண்டருக்குப் போயிடும், பெட்டியெல்லாம் மடியில. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை சிலிண்டரைச் சோதனை பண்ணணும். இதெல்லாம் சரின்னா தாராளமா வாங்குங்க, பெட்ரோலும் கூடவே இருக்கறதால நடுரோட்ல நிக்க மாட்டீங்க.

நான் சண்டைக்கு நிக்கறது வேற கேஸுக்கு. பழைய வேனுக்குக் கிட் மாட்டி, 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைக் கவுத்து, சின்ன மோட்டார் வச்சு வண்டி டேங்க்குக்கு ஏத்தறாங்களே, அதுக்கு. முறையான ஆட்டோ எல்.பி.ஜி. டேங்க்ல 80 சதவீதம் நிரம்பினதும் தானே அடைச்சுக்கற வால்வு இருக்கும். சூட்டுல திரவம் விரியும், அதுக்கு இடம் விடணும். வீட்டுக் கொல்லையில ட்யூப் மாட்டி ஏத்தறவனுக்கு 80 ஏது, 100 ஏது? சட்டப்படியும் குத்தம். ஆனா "எல்லாரும்தான் பண்றாங்க"ங்கற ஒரு சர்டிஃபிகேட் மட்டும் எல்லார்கிட்டயும் இருக்கு.

இது எனக்கு ஊர்க்கதை இல்லீங்க, வீட்டுக்கதை. பெரியப்பா பையன், எனக்கு அண்ணன் முறை, அப்படி ஒரு வேன் வச்சிருந்தார். வேளாங்கண்ணிக்குக் கிளம்பற அன்னிக்கு விடியக்காலை, 11 பேர் ஏறிட்டாங்க. என் பொண்ணு ஜன்னல் சீட் பிடிச்சுட்டா. உள்ள லேசா கேஸ் வாடை. பின்னாடி பார்த்தா அடுப்பும் இன்னொரு சிலிண்டரும் வேற, வழியில சமைச்சுக்கலாம்னு. "அண்ணா, இதுல நாங்க வரல"ன்னு சொல்லிட்டு பொண்ணை இறக்கிட்டேன். "அப்ப எங்க உசுரு உசுரில்ல, உன் பொண்ணு உசுருதான் உசுரா?"ன்னு கேட்டார். பதில் சொல்லத் தெரியல. அவங்க போனாங்க, பத்திரமா வந்தாங்க. "பாத்தியா, ஒண்ணும் ஆகல"ன்னு ஊர் பூரா சிரிச்சாங்க. அண்ணன் அன்னியிலேர்ந்து பேசறதில்ல.

ஒண்ணும் ஆகலைங்கறது ஒரு ஆதாரமா? 2023 ஆகஸ்ட் 26 விடியக்காலை மதுரை ஸ்டேஷன் பக்கத்துல நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டி எரிஞ்சு 9 பேர் செத்தாங்களே, லக்னோலேர்ந்து யாத்திரை வந்தவங்க. தடையை மீறி உள்ள கொண்டு வந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம்னு ரயில்வே சொல்லுச்சு. அதுவரைக்கும் அந்தப் பயணத்துலயும் ஒண்ணும் ஆகலதான்.

மச்சான் வாங்கற மோட்டார் ஹோம்லயும் சமையலுக்கு புரொப்பேன் கேஸ்தான். ஆனா டேங்க் ஆளுங்க உட்கார்ற இடத்துல இருக்காது, கசிஞ்சா உள்ள கத்தற கருவி இருக்கும். கேஸ் ஒண்ணும் எமன் இல்ல. அதுக்குன்னு ஒரு இடம், ஒரு வால்வு, ஒரு சட்டம் இருக்கு. அதை மீறினா எமன்தான்.

அதனால ஐயாவோட தீர்ப்பு:

வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டருக்குக் கம்மியா ஓட்டறவங்க டீசல் வாங்காதீங்க. தினமும் போற வழியில சி.என்.ஜி. பங்க் இருந்தா கம்பெனி பொருத்தின வண்டி வாங்குங்க. 12 பேரோட தூரம் போகணும்னா வண்டி வாங்கவே வாங்காதீங்க, வாடகைக்கு எடுங்க. அது டீசல் வேனாத்தான் இருக்கும், இருக்கட்டும். ஏலகிரியோட 14 கொண்டை ஊசி வளைவுல 12 பேரை ஏத்திக்கிட்டுப் போக டீசலோட இழுவை வேணும், நான் மறுக்கல. ஆனா மஞ்சள் போர்டு வண்டியா பாருங்க. சொந்த போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்து ஏதாவது ஆனா இன்சூரன்ஸ்காரங்க கையை விரிப்பாங்க. சமையல் சிலிண்டரை இன்ஜினுக்கும் ஏத்தாதீங்க, சீட்டுக்கு நடுவுலயும் வைக்காதீங்க. வழியில ஓட்டல்ல இட்லி சாப்பிடுங்க, செத்துற மாட்டீங்க.

மச்சானுக்கும் இதேதான் சொன்னேன். வருஷத்துக்கு மூணு வாரம் ஓட்டப் போறவனுக்கு எதுக்குடா டீசல்? அங்க டீசல்தான் பெட்ரோலைவிட விலை அதிகம், வண்டி விலையும் எக்கச்சக்கம். மலை மலையா பெரிய வண்டியை இழுக்கப் போறியா, டீசல் வாங்கு. இல்லையா, உங்க ஊர் 'கேஸ்' போதும். முதல் தடவை வாடகைக்கு எடுத்துப் பாரு, அப்புறம் வாங்கு.

"சரி மாமா, அண்ணன் பேசிட்டாரா?"ன்னு கேட்டான். இல்லடா.

தை மாசம் திருச்செந்தூர் போறோம். மஞ்சள் போர்டு டீசல் வேன், டிரைவரோட பேசி முடிச்சாச்சு. 12 சீட். ஆளுங்க 10 பேர்தான். ரெண்டு சீட் அண்ணனுக்கும் அண்ணிக்கும்னு சொல்லி விட்டிருக்கேன். பதில் இன்னும் வரல. ஜன்னல் சீட்டை அண்ணிக்குக் குடுக்கறேன்னு என் பொண்ணு சொல்லிட்டா.