டாக்டரைக் கேள்வி கேட்டால் தப்பா?

மாலை 6 மணி. பாரிமுனையில் பஸ்சுக்கு நிற்கிற கூட்டத்தில் ஒருவர். கையில் பிளாஸ்டிக் பை. பைக்குள் லேப் சீட்டுகள், மாத்திரை அட்டைகள். ஆபீசில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, டாக்டரைப் பார்க்க 3 மணி நேரம் காத்துக் கிடந்தவர். உள்ளே இருந்தது 3 நிமிஷம்.

"கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியிருக்கு. மாத்திரை எழுதியிருக்கேன். அடுத்த மாசம் வாங்க."

எவ்வளவு ஏறியது? ஏன் ஏறியது? நாக்கு வரை வந்தது கேள்வி. கேட்கவில்லை. டாக்டர் கோபித்துக் கொள்வாரோ என்ற பயம்!

இவரைத் தேடி அலைய வேண்டாம். எந்த பஸ்சில் ஏறினாலும் இப்படி ஒருவர் இருப்பார்.

பல் வலித்தால் தூக்கம் போய்விடும். கிட்னி அப்படி அல்ல. பாதிக்கு மேல் கெட்ட பிறகும் பலருக்கு ஒரு வலியும் தெரியாது. கால் வீங்கி, மூச்சு வாங்கி, நள்ளிரவில் ஆட்டோ பிடித்து ஓடும்போதுதான் "உடனே டயாலிசிஸ்" என்கிறார்கள். வீடே இடிந்து போகிறது. இதில் பலருக்கு லேப் சீட்டு முன்பே சொல்லியிருக்கும். அதைப் படித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. சொல்லுங்கள் என்று கேட்கவும் ஆள் இல்லை!

யாரிடம் போவது?

முதல் குழப்பமே இங்கேதான். கல், அடைப்பு, ஆபரேஷன் என்றால் அது யூராலஜிஸ்ட் வேலை. சர்க்கரையாலும் ரத்த அழுத்தத்தாலும் கிட்னி பழுதானால் பார்க்க வேண்டியவர் நெப்ராலஜிஸ்ட். பொது மருத்துவம் படித்த பிறகு கிட்னிக்கென்றே தனியாக டி.எம். போன்ற மேற்படிப்பு முடித்தவர். டாக்டரின் பதிவு எண் சீட்டிலும் கிளினிக்கிலும் இருக்க வேண்டும் என்பது விதி. பார்த்துக் கொள்வதில் வெட்கம் எதற்கு?

போர்டு பெரிசா, ஏ.சி. அறையா என்பதில் ஒன்றுமில்லை. நல்ல டாக்டருக்கு வேறு அடையாளம் உண்டு. பழைய சீட்டுகளை வாங்கிப் பார்ப்பார். ரத்தத்தோடு விடமாட்டார், சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்ப்பார். முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரை என்ன, வைத்தியர் கொடுத்த பஸ்பம் என்ன என்று துருவிக் கேட்பார். வலி மாத்திரையே கிட்னிக்கு எமனாவது உண்டு. "இன்னொரு டாக்டரிடமும் காட்டட்டுமா?" என்றால் முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால் அதுவே ஒரு பதில்தான்!

ஒரு எண், நாலு கேள்வி

கிரியாட்டினின் மட்டும் போதாது. 25 வயது வாலிபருக்கும் 65 வயது அம்மாளுக்கும் 1.4 என்று ஒரே அளவு வரலாம். வாலிபருக்குப் பெரிய பயமில்லாமல் இருக்கலாம். அம்மாளின் கிட்னியோ பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். வயதையும் சேர்த்துக் கணக்கிடும் எண்ணுக்கு இ.ஜி.எப்.ஆர். என்று பெயர். அது 3 மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே நின்றால் கிட்னி நோய். 30-க்குக் கீழே போனால் கிட்னி டாக்டரைப் பார்க்காமல் இருக்கவே கூடாது.

என் எண் என்ன? போன வருஷம் என்னவாக இருந்தது? எதனால் இறங்கியது? எந்த மாத்திரையைத் தொடக் கூடாது? இந்த நாலையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனால் 3 நிமிஷம் போதும். கூட மனைவியோ மகனோ வந்தால் இன்னும் நல்லது. பயத்தில் ஒருவர் காதில் விழாதது மற்றவர் காதில் விழும்.

நிலைமை முற்றினால் கேட்க வேண்டியது இன்னொன்று. மெஷின் டயாலிசிஸ், வீட்டிலேயே வயிற்று வழியாகச் செய்யும் டயாலிசிஸ், மாற்றுக் கிட்னி ஆகிய மூன்றில் எது பொருந்தும்? மெஷின் என்றால் கையில் ரத்தக் குழாயை இணைக்கும் ஆபரேஷனைச் சில மாதம் முன்பே செய்ய வேண்டும். அது பழுக்க நாள் பிடிக்கும். கடைசி நிமிஷத்தில் கழுத்தில் குழாய் சொருகும் அவதி, முன்கூட்டியே கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் இல்லை.

சட்டம் துணை

சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. காசு வாங்கிக்கொண்டு செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. கையில் காசு இல்லாதவர்களுக்கு சென்ட்ரல் எதிரே உள்ள பெரியாஸ்பத்திரியிலும் ஸ்டான்லியிலும் சிறுநீரகப் பிரிவு உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிசும் அடங்கும். "கிட்னிக்கு ஆள் இருக்கு" என்று வாசலில் ஒட்டிக்கொள்ளும் புரோக்கரை மட்டும் விரட்டியடிக்க வேண்டும். கிட்னி விற்பதும் வாங்குவதும் 1994-ம் ஆண்டு சட்டப்படி குற்றம்.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. கூட்டம் உண்மை, களைப்பு உண்மை. ஆனால் சீட்டின் மூலையில் அந்த ஒரு எண்ணை எழுத எத்தனை விநாடி ஆகும்? போன தடவை எண்ணையும் பக்கத்தில் எழுதினால் படிக்காதவருக்கும் விளங்குமே! அரசு ஆஸ்பத்திரிகள் இதைக் கட்டாயமாக்கட்டும். தனியார் தானே பின்பற்றுவார்கள்.

கோயம்பேட்டில் கத்தரிக்காயைக் கூடப் புரட்டிப் பார்த்து, விலை கேட்டு, தராசு முள்ளைப் பார்த்து வாங்குகிற ஊர் இது. உயிர் விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டு வருவானேன்?

பாரிமுனை பஸ்சில் ஏறியவர் அடுத்த மாதம் அதே நாற்காலியில் உட்காருவார். இந்தத் தடவை கேட்கட்டும்!